லார்ட் மக்டொனால்ட் ரீல்: ஒரு மெட்டு போன வழியெல்லாம்

வயலினோ வீணையோ சின்ன வயசுல கத்துக்கிட்டவங்க எல்லாரும் நோட்டுஸ்வரத்தை, அதாவது வெள்ளைக்காரங்க மெட்டுக்கு முத்துசுவாமி தீக்ஷிதர் சம்ஸ்கிருத சாஹித்யம் (பாட்டு வரி) போட்ட சின்ன பாட்டுங்களை, தாண்டித்தான் வந்திருப்பீங்க. 'ச்யாமளே மீனாக்ஷி' வாசிச்சா வீட்டுக்கு வந்திருக்கிற சித்தப்பா "அட இது ட்விங்கிள் ட்விங்கிள்ல"ன்னு சிரிப்பார், 'சந்ததம் பாஹிமாம்' வாசிச்சா விஷயம் தெரிஞ்ச யாராவது ஒருத்தர் "இது பிரிட்டிஷ்காரன் தேசிய கீதம்டா"ன்னு சொல்வார், அவ்ளோதான், அதுக்கப்புறம் கீதம் வர்ணம்னு போயிடுவோம், நோட்டுஸ்வரத்தை யாரும் திரும்பிப் பாக்குறதில்ல. கச்சேரியிலயும் எப்பவாவது கடைசியில துக்கடா மாதிரி ஒண்ணு வரும், ஆடியன்ஸ் லேசா புன்னகைப்பாங்க, மங்களம் பாடிருவாங்க.

நான் சொல்ல வர்றது அந்த ரெண்டும் இல்ல, கொஞ்சம் கம்மியா பேசப்படுற ஒண்ணு. 'ஜகதீச குருகுஹ'ன்னு ஆரம்பிக்கிற நோட்டுஸ்வரம். இதோட மூலம் 'லார்ட் மக்டொனால்ட் ரீல்'னு ஒரு ஸ்காட்டிஷ் டான்ஸ் ட்யூன்னு இதை ஒப்பிட்டு ஆராய்ச்சி பண்ணவங்க காட்டுறாங்க. இதுல எனக்கு தலை சுத்துன விஷயம் என்னன்னா அதே ரீல் அட்லாண்டிக் தாண்டி அமெரிக்கா போயி அங்க மலைக்காட்டு ஃபிடில்காரங்க (ஃபிடில்னா நாட்டுப்புற பாட்டுக்கு வாசிக்கிற வயலின்தான்) கையில 'லெதர் பிரீச்சஸ்'னு பேர் மாறி, இன்னிக்கு வரைக்கும் அங்க ஓல்ட் டைம்னு சொல்ற பழைய நாட்டுப்புற ஃபிடில் வாசிக்கிறவங்க கூடுற இடத்துல எல்லாம் வாசிக்கிறாங்க. அதாவது ஒரு மெட்டு, கிழக்கே வந்து தீக்ஷிதர் சாஹித்யம் ஆச்சு, மேற்கே போயி தோல் கால்சட்டை ஆச்சு.

முதல்ல ரீலோட கதை. ஸ்காட்லாந்துக்கு மேற்கால ஸ்கை தீவுன்னு ஒண்ணு, அங்க ஸ்லீட் பகுதி மக்டொனால்ட் குடும்பத்துல சர் அலெக்சாண்டர் மக்டொனால்ட்னு ஒருத்தர், 1776-ல லார்ட் பட்டம் வாங்கினார், 1795-ல இறந்துட்டார். மெட்டு அவரே போட்டதுன்னு பழைய ஸ்காட்டிஷ் தொகுப்புகள்ல போட்டிருக்கு. பெரிய மனுஷங்க பேர்ல மெட்டு வர்றது அங்க சகஜம், அரண்மனை ஃபிடில்காரன் போட்டுட்டு எஜமான் பேரை வெக்கிறதும் நடக்கும், ஆனா இவருக்கு நிஜமாவே சங்கீத ஞானம் இருந்துச்சுன்னு சொல்றதால நான் அவருக்கே கிரெடிட் குடுத்துடுறேன். 18-ம் நூற்றாண்டு கடைசியில அச்சுல வந்துருச்சு, அச்சுல வந்தாச்சுன்னா அப்புறம் யார் கையில போய் சேரும்னு யாருக்கு தெரியும்.

மெட்ராஸுக்கு எப்படி வந்துச்சுன்னா, யாரு எந்த கப்பல்ல கொண்டு வந்தாங்கன்னு தேட வேண்டியதே இல்ல, ஏன்னா அந்த காலத்துல மெட்ராஸ்ல ஸ்காட்லாந்துகாரங்க நிறைய. 73-வது ஹைலாண்டர்ஸ் ரெஜிமெண்ட் 1780-ல மெட்ராஸ்ல வந்து இறங்குச்சு, அதே வருஷம் பொள்ளிலூர்ல ஹைதர் அலி கிட்ட கம்பெனி படை வாங்குன அடியில அவங்க ஆளுங்களும் சிக்குனாங்க. அப்புறம் 74-வது, 78-வதுன்னு ஹைலாண்ட் ரெஜிமெண்ட்டுங்க இந்த பக்கமே சுத்திக்கிட்டு இருந்துச்சு. சிப்பாய் இருக்கிற இடத்துல பேண்ட் இருக்கும், ஆபீசர் இருக்கிற இடத்துல பால் ரூம் டான்ஸ் இருக்கும், டான்ஸ் இருந்தா ரீல் இருக்கும். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில இது ராத்திரி பகலா ஓடிக்கிட்டு இருந்திருக்கும்.

அதே நேரத்துல திருவாரூர்ல இருந்து ராமசுவாமி தீக்ஷிதர் குடும்பத்தோட மணலிக்கு குடி வந்திருந்தார், மணலி முதலியார்தான் ஆதரவு, கம்பெனி கூட தொடர்பு உள்ள பெரிய இடம், அதனால கோட்டை பேண்ட்டை கேக்க பசங்களுக்கு வாய்ப்பு கிடைச்சுது. பெரியவர் முத்துசுவாமி தீக்ஷிதர், 1775-ல பொறந்தவர், காதுல வாங்கிட்டு சம்ஸ்கிருதத்துல சாஹித்யம் போட்டார். தம்பி பாலுசுவாமி வெள்ளைக்காரர் ஒருத்தர் கிட்ட வயலினையே கத்துக்கிட்டு அதை நம்ம சங்கீதத்துக்குள்ள கொண்டு வந்துட்டார், பின்னாடி எட்டயபுரம் ஆஸ்தான வித்வானும் ஆனார். யோசிச்சு பாருங்க, இன்னிக்கு கச்சேரி மேடையில வயலின் இல்லாம ஒண்ணுமே நடக்காது, அந்த வயலின் எந்த வீட்டு வாசல் வழியா உள்ள வந்துச்சோ அதே வாசல் வழியாத்தான் இந்த ரீலும் வந்திருக்கு.

நோட்டுஸ்வரம் மொத்தம் முப்பது முப்பத்தஞ்சுக்கு மேல இருக்கு, எது அசல் எது பின்னாடி சேர்ந்ததுன்னு எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். எட்டயபுரத்துல சுப்பராம தீக்ஷிதர் 1904-ல 'சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி' போட்டுட்டு அடுத்த வருஷமே ஆரம்ப பாடத்துக்குன்னு 'ப்ரதமாப்யாஸ புஸ்தகமு' போட்டார், அதுல இதுங்கள்ல நிறைய ஸ்வரப்படுத்தி வெச்சார், அதனாலதான் நம்ம கைக்கு வந்துச்சு. எல்லாமே சங்கராபரண ஸ்வரம், கமகம், அதாவது ஸ்வரத்தை அசைச்சு வாசிக்கிறது, கிடையாது, வெறும் நேர் ஸ்வரம்.

இதை யாராவது எழுதினா உடனே "அப்ப தீக்ஷிதர் காப்பி அடிச்சாரா"ன்னு ஒருத்தன் வருவான். ஏம்ப்பா, நம்ம ஊர் பழைய பாட்டு புத்தகம் எதையாவது தொறந்து பாத்திருக்கியா, ஒவ்வொரு பாட்டு தலையிலயும் 'இன்ன வர்ணமெட்டு'ன்னு அச்சடிச்சு வெச்சிருப்பாங்க, பாரதியாரே நந்தனார் சரித்திர பாட்டு மெட்டுல எழுதி அதை ஒளிக்காம தலைப்புல போட்டவர்தான். தெரிஞ்ச மெட்டுக்கு புது வார்த்தை போடுறது நம்ம ஊர்ல என்னிக்குமே திருட்டு இல்ல, பாட்டு ஊருக்குள்ள போகுறதுக்கு அதான் வழி. தீக்ஷிதர் பண்ணதும் அதான், என்ன, மெட்டு கொஞ்சம் தூரத்துல இருந்து வந்துச்சு.

சரி இப்ப மேற்கு பக்கம் போவோம். ஸ்காட்லாந்துலயும் வட அயர்லாந்துலயும் இருந்து 18-ம் நூற்றாண்டுல கூட்டம் கூட்டமா வர்ஜீனியா, கரோலினா, டென்னஸி மலைப்பக்கம் குடியேறினாங்க, அப்பலாச்சியன் மலை. கூடவே ஃபிடில் வந்துச்சு. ஆனா அங்க நடந்தது வெறும் குடிமாற்றம் இல்ல, தோட்டங்கள்ல அடிமையா வெச்சிருந்த ஆப்பிரிக்க ஜனங்கள்ல நிறைய பேர் அசாத்திய ஃபிடில்காரங்க, வெள்ளைக்காரன் வீட்டு டான்ஸுக்கே அவங்கதான் வாசிப்பாங்க, பேஞ்சோ வாத்தியமே ஆப்பிரிக்க வழியில வந்ததுதான். அந்த தாளக்கட்டு உள்ள இறங்கினதும் ரீல் நடையே மாறிடுச்சு. நேரா 'தகதிமி தகதிமி'ன்னு போயிட்டு இருந்தது, அழுத்தம் எல்லாம் இடுக்குல விழ ஆரம்பிச்சுடுச்சு.

பேரும் மாறிடுச்சு, மலைக்காட்டு குடியானவனுக்கு லார்ட் மக்டொனால்ட் யாரா இருந்தா என்ன. தோல் கால்சட்டை, கிழிசல், தையல், பொத்தான்னு சின்னபசங்க பாடுற மாதிரி ரெண்டு வரி ஒட்டிக்கிச்சு, ட்யூனுக்கு அதுவே பேராயிடுச்சு. அதே மலையில பீன்ஸை நூல்ல கோத்து அடுப்பு பக்கத்துல தொங்கவிட்டு காய வெச்சு குளிர்காலத்துக்கு வெச்சுக்குவாங்க, அதுக்கும் லெதர் பிரீச்சஸ்னுதான் பேர், இங்க குன்னூர்ல, பீன்ஸ் விளையுற மலையில உக்காந்து இதை படிச்சப்ப எனக்கு சிரிப்பு வந்துருச்சு. ட்யூனுக்கு பேர் அதுல இருந்து வரலங்க, சும்மா சொன்னேன்.

அமெரிக்க வெர்ஷனை கேக்கணும்னா நான் கை காட்டுறது ஹென்றி ரீட். 1884-ல பொறந்தவர், வர்ஜீனியால கிளென் லின்னு மேற்கு வர்ஜீனியா எல்லை ஓரத்துல ஒரு சின்ன ஊர். 1966-ல ஆலன் ஜபூர்னு ஒரு காலேஜ் ஸ்டூடண்ட் டேப் ரெக்கார்டரை தூக்கிட்டு அவர் வீட்டுக்கு போயி பதிவு பண்ண ஆரம்பிச்சார், பெரியவர் 1968-ல இறந்துட்டார், அதுக்குள்ள கிட்டத்தட்ட 200 ட்யூன் சேர்ந்துருச்சு, லெதர் பிரீச்சஸும் அதுல இருக்கு, எல்லாம் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துல இருக்கு, இணையத்துல ஃப்ரீயா கேக்கலாம். இந்த ஜபூரும் அடிப்படையில கிளாசிக்கல் வயலின் படிச்ச ஆள், பெரியவர் முன்னாடி உக்காந்துதான் வில் பிடிக்கிறதையே திரும்ப கத்துக்கிட்டார். இன்னொரு விஷயம், ஹென்றி ரீட் நிறைய ட்யூன் எடுத்தது க்வின்ஸ் டில்லியன்னு ஒரு கிழவர் கிட்ட இருந்து, அவர் மெக்ஸிகோ யுத்தத்துலயும் உள்நாட்டு யுத்தத்துலயும் பட்டாளத்துல ஃபைஃப், அதாவது குட்டி புல்லாங்குழல், ஊதினவர். எங்க தொட்டாலும் பட்டாள பேண்ட்தான் வருது.

பட்டாள பேண்ட்னா எங்களுக்கு புதுசு இல்ல. குன்னூர் ஆளுங்களுக்கு தெரியும், வெலிங்டன்ல மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டர் இருக்கு, காத்து இந்த பக்கம் அடிச்சா பேக்பைப் சத்தம் தேயிலைக்கு மேல மிதந்து வரும், நீலகிரியில பேக்பைப்பான்னு வெளியூர் சொந்தக்காரங்க வாயப் பொளப்பாங்க. எங்க தெருவுல ரிட்டயர்டு பேண்ட்காரர் ஒருத்தர் இருக்கார், எல்லாருக்கும் பேண்ட் மாமா. நான் இந்த நோட்டுஸ்வரத்தை திரும்ப எடுத்து வாசிச்சிட்டு இருந்தப்ப வாசல்ல நின்னு கேட்டுட்டு "என்ன தம்பி, ஸ்கூல் பிரேயர் மாதிரி இழுக்குற, இதுக்கு ஆளு ஆடணும்பா"ன்னார். எனக்கு சுருக்குன்னுச்சு, ஆனா மனுஷன் சொன்னது சரி. கையில இருந்த குடையால தரையில தட்டிக்காட்டினார், இடது வலது இடது வலதுன்னு, அந்த தட்டுக்கு மேல வாயாலயே ஒரு ரீலை பாடினார், ஒவ்வொரு ஸ்வரத்துக்கு நடுவுலயும் நாக்கால ஒரு வெட்டு.

"அந்த வெட்டு எதுக்கு மாமா?"

"பைப்புல காத்து நிக்காதுல்ல. ஒரே நோட்டு ரெண்டு தடவ வந்தா நடுவுல விரல வெட்டி எடுக்கணும், இல்லன்னா ரெண்டும் ஒட்டிக்கிட்டு ஒரே நோட்டா போயிடும்."

இதுதான் எனக்கு கதவை தொறந்து விட்ட விஷயம். ஒரே மெட்டு ஊருக்கு ஊர் மாறுறதை வேரியண்ட் வேரியண்ட்னு பேசுறோமே, யாரோ மறந்து போயி மாத்திட்டாங்க, தப்பா கேட்டுட்டாங்கன்னு நெனைக்கிறோம், அப்படி நடக்கிறதும் உண்டுதான், ஆனா பாதி மாத்தம் வாத்தியம் பண்றது. பேக்பைப்ல மொத்தம் 9 ஸ்வரம்தான், ஃபிடில்ல ரெண்டு ஸ்தாயிக்கு ஓடுற ரீலை அதுல வாசிக்கணும்னா எங்கயாவது மடிச்சுத்தான் ஆகணும். ட்ரோன், அதாவது நம்ம சுருதி மாதிரி ஒரே ஸ்வரம், எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும், அதனால சட்ஜத்தோட ஒத்துப்போற ஸ்வரத்துக்குத்தான் வெயிட் ஜாஸ்தி. அயர்லாந்துக்கு இதே ரீல் போச்சு, ஸ்லைகோ பக்கம் 1891-ல பொறந்து நியூயார்க் போயி செட்டில் ஆன மைக்கேல் கோல்மன் இதை ரெக்கார்டு பண்ணியிருக்கார், தேடிக் கேளுங்க, அங்க அலங்காரம் பூரா இடது கை விரல்ல, ஒரு ஸ்வரத்தை மேல ஒரு தட்டு கீழ ஒரு தட்டுன்னு சுத்தி ஒரு உருட்டு. ஸ்காட்லாந்துல கடி எல்லாம் வில்லுல, தனித்தனி ஸ்ட்ரோக்கா வெடுக் வெடுக்குன்னு.

அமெரிக்கால வில்லுதான் ஹீரோ, ஆனா வேற மாதிரி. ஜார்ஜியா ஷஃபிள்னு வில்லு போடுற முறை ஒண்ணு இருக்கு, மூணு ஸ்வரத்தை ஒரே வில்லுல சேத்து மேல தள்ளிட்டு அடுத்த ஒத்த ஸ்வரத்தை கீழ் வில்லுல அழுத்தி இழுக்கணும், அந்த அழுத்தம் தாளம் விழுற இடத்துல விழாது, பக்கத்துல விழும். எழுதிப் பாத்தா ஸ்வரம் ஒண்ணும் மாறலை, வாசிச்சா வேற பாட்டு. தானா தலை ஆடும்.

இப்ப நம்ம நோட்டுஸ்வரத்துக்கு வாங்க. நம்ம வயலின்ல உசிரே இடது கையிலதான் இருக்கு, கமகம் இல்லாம நாம ஒரு காந்தாரத்தை கூட சும்மா வுட மாட்டோம். நோட்டுஸ்வரத்துல கமகம் கூடாதுன்னு சொல்லி அந்த கையை கட்டிப் போட்டாச்சு. வில்லு? வில்லை நாம ராகத்துக்கு நீளமா இழுக்கத்தான் பழகியிருக்கோம், டான்ஸுக்கு இல்ல. அதனால இடது கையும் வேலை செய்யாம வலது கையும் வேலை செய்யாம உப்பில்லாத கஞ்சியா வாசிச்சிட்டு, இது குழந்தைங்க பாடம்னு மூடி வெச்சிடுறோம். குறை மெட்டுல இல்ல, நாம வாசிக்கிற விதத்துலதான்னு எனக்கு இப்ப உறுதியா தோணுது. கோட்டையில தீக்ஷிதர் கேட்டப்ப இதுக்கு ஆளுங்க ஆடிட்டு இருந்திருப்பாங்க, பேண்ட் மாமா சொன்ன மாதிரி.

இன்னொரு ஆச்சரியம் சொல்லணும், வயலின்காரங்களுக்கு இது பிடிக்கும். அமெரிக்க ஓல்ட் டைம் ஆளுங்க எப்பவும் வழக்கமான ஜி-டி-ஏ-ஈ ட்யூனிங்லயே வாசிக்கிறதில்ல, ட்யூனுக்கு தக்க கம்பி முறுக்குற பிருடையை திருப்பி ஏ-ஈ-ஏ-ஈ, ஜி-டி-ஜி-டின்னு வெச்சுக்குவாங்க, கிராஸ் ட்யூனிங்னு பேர், வாசிக்காத கம்பியும் கூட சேந்து ரீங்காரம் போடும்னு. அதை நம்ம பாஷையில சொல்லிப் பாருங்க: ச ப ச ப. நம்ம வயலின் ஸ்ருதி அப்படியே! ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்ததே இல்ல, ஒரே காரணத்துக்காக ஒரே இடத்துக்கு வந்து சேந்திருக்காங்க, சட்ஜ பஞ்சமம் கூடவே நிக்கணும்னு. லெதர் பிரீச்சஸை பொதுவா ஜி-டி-ஏ-ஈ-லதான் வாசிப்பாங்க, ஆனா ச-ப-ச-ப-ல இது ரொம்ப சுலபமா உக்காருது, ஏன்னா மொதல் பாதி சட்ஜத்தை விட்டு போயி போயி திரும்ப சட்ஜத்துக்கே ஓடி வரும், காந்தாரம் தொட்டு வரும், பஞ்சமம் தொட்டு வரும், அந்த சட்ஜம் கீழ் கம்பியில தொறந்தே கெடக்கு, வில்லை லேசா சாய்ச்சா ரெண்டு கம்பியும் சேந்து பேசும். ரெண்டாவது பாதி மேல் ஸ்தாயிக்கு ஏறிடும். அங்கத்து பெருசுங்க கீழ் பாதியை கோர்ஸ்னும் மேல் பாதியை ஃபைன்னும் சொல்வாங்க, எதை மொதல்ல வாசிக்கிறதுன்னு ஆளுக்கு ஆள் மாறும், சிலர் மூணாவது பாகம் ஒண்ணு சேப்பாங்க, டெக்சாஸ்ல போட்டிக்கு வாசிக்கிறவங்க ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு புது சங்கதி, அதே அடியை கொஞ்சம் மாத்தி வாசிக்கிறது, போடுவாங்க. ஆமா, சங்கதிதான், வேற என்னன்னு சொல்றது.

நான் பண்ணிப் பாத்தது என்னன்னா, கீழ சம்மணம் போட்டு வயலினை பாதத்துல ஊன்றி நம்ம மாதிரியேதான் உக்காந்தேன், மொதல் தடவை 'ஜகதீச குருகுஹ' புத்தகத்துல இருக்கிற மாதிரி நேரா, ரெண்டாவது தடவை அதே ஸ்வரத்துக்கு ஜார்ஜியா வில்லு. ஆரம்பத்துல சுத்தமா வரல, வலது மணிக்கட்டு நம்ம வில்லுக்கு பழகி இறுகிப் போயிருக்கு, முழங்கையில இருந்து தள்ளுறேன், அவங்க மணிக்கட்டுல இருந்து உதறுறாங்க. வில்லோட நடுவுல ஒரு சாண் இடம்தான் வேணும், அதுக்கு மேல எடுத்தா வேகம் போயிடும். இதுல குன்னூர் பனி வேற, மழை சீசன்ல வில்லு முடி ஈரத்துல தொய்ஞ்சு போயி ஸ்க்ரூவை எவ்ளோ திருகினாலும் விறைக்காது, வில்லுக்கு தேய்க்கிற ராலை மேல மேல போட்டா மாவா கொட்டும், பிருடை வேற உப்பிப்போயி திரும்ப மாட்டேங்கும், திரும்பினா ஒரேயடியா திரும்பி கம்பி அறுந்துடும். இங்க வயலின் வெச்சிருக்கவங்க எல்லாருக்கும் பொட்டியில அரிசியோ சிலிக்கா பொட்டலமோ இருக்கும். வெயில் அடிச்ச ஒரு மத்தியானம்தான் அந்த அழுத்தம் சரியான இடுக்குல விழுந்துச்சு, விழுந்த உடனே எனக்கே கால் தட்ட ஆரம்பிச்சுடுச்சு, சம்மணம் போட்டு உக்காந்துட்டு கால் தட்டுறது எவ்ளோ கஷ்டம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

வரிசையா கேக்கணும்னு நெனைக்கிறவங்களுக்கு: மொதல்ல ஸ்காட்டிஷ் ரீலை ஃபிடில்ல கேளுங்க, அப்புறம் உடனே நோட்டுஸ்வரம், அதுக்கப்புறம் கோல்மன், கடைசியா ஹென்றி ரீட். ஹென்றி ரீட்டை மொதல்ல கேட்டா நோட்டுஸ்வரத்தோட சொந்தம் பிடிபடாது, நடுவுல அவ்ளோ தூரம் இருக்கு. பேக்பைப் வெர்ஷன் கேக்கிறவங்க ஹெட்ஃபோன்ல வேண்டாம், காது போயிடும்.

எனக்கு வயலின் சொல்லிக்குடுத்த மிஸ் இப்பவும் இங்க குன்னூர்லயே பெட்ஃபோர்ட் பக்கம்தான் இருக்காங்க, எண்பதை தாண்டிட்டாங்க, கமகம் இல்லாத எடத்துல ஒரு சின்ன அசைவு வந்தாலும் மூக்குக் கண்ணாடியை எறக்கிட்டு பாப்பாங்க. பயந்துக்கிட்டேதான் போனேன். ரெண்டு மாதிரியும் வாசிச்சு காட்டினேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல.

"ஸ்வரம் எதையாவது மாத்தினியா?"

"இல்ல மிஸ், புத்தகத்துல இருக்கிறதுதான்."

"அப்ப சரி. ரெண்டாவது தடவை மத்யமத்துல விரல் கொஞ்சம் கீழ இறங்குது பாரு, வில்லு மேலயே கவனம் இருந்தா அப்படித்தான் ஆகும். அதை மட்டும் சரி பண்ணிட்டு இன்னொரு தரம் வாசி."